ஆறு நாற்பது பஸ்ஸும் சத்தியபாமாவின் மடிக்கணினியும்

யுத்தம் நடந்த வருஷங்களில் இராணுவத்தைத் தனியொருத்தியாக நின்று மறித்த பெண் கண்டியில் இருந்தாள் என்றால், அது வத்தேகமவில் வாடகைக்குக் குடியிருந்த சத்தியபாமாதான். இராணுவம் என்பது மிகை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு கோப்ரலும் இரண்டு சிப்பாய்களும். மறித்தாள் என்பதும் அவ்வளவு சரியில்லை. அவர்கள்தான் அவளை மறித்தார்கள்; பிறகு அவளுடைய மடிக்கணினி விழித்தெழும்வரை தாங்களும் நின்றார்கள். ஆனால் நாற்பத்தாறு பேரை ஏற்றிய பஸ் ஒன்றும் கூடவே நின்றது என்பதில் கூட்டியது ஒன்றுமில்லை. வேண்டுமானால் ஓரிரண்டு பேரைக் குறைத்துக்கொள்ளலாம்.

சத்தியபாமா பருத்தித்துறைக்காரி. கண்டிக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, மொழிபெயர்ப்பாளராக வந்து சேர்ந்தபோது வயது இருபத்தொன்பது. இரண்டு வருஷத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று, கொண்டுவந்த பெட்டியில் பாதி உடுப்பை வெளியிலேயே எடுக்கவில்லை. மாற்றம் வரவில்லை. கலவரம் வந்தது, யுத்தம் வந்தது, ஊருக்குப் போகும் பாதை மூடியது, திறந்தது, மறுபடியும் மூடியது. அவளுக்குப் பேசி வந்த இரண்டு கலியாணமும் பாதை மூடியிருந்த காலங்களிலேயே வந்தன. மாப்பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். அதற்காக அவள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. களைப்புத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பின்னும் ஊருக்குப் போக வழியில்லாமல், நீதிமன்றத்துக்குக் கிட்ட அலுவலகம் வைத்திருந்த பரமநாதன் என்ற சட்டத்தரணிக்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்திரங்களை மாற்றி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான்.

அந்த வேலைக்காகத்தான் மடிக்கணினி. நகரத்துக் கடையொன்றில் பிளாஸ்டிக் உறை கிழியாமல் வாங்கியது. கடைக்காரர் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"எண்பது ஜீபி மிஸ்! ஒங்க ஆயுசுக்கும் நெறையாது."

ஆயுசுக்கும் நிறையாத பொருள் ஒன்று தன் கைக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று சத்தியபாமா சந்தோஷப்பட்டாள். கடைக்காரரும் சந்தோஷத்தில் குறை வைக்கவில்லை. அந்த வருஷத்துப் புது சிஸ்டத்தைப் போட்டார். வைரஸ் வராமல் காக்கும் 'வைரஸ் கார்ட்' மூன்று போட்டார். ஒன்று போதாதா என்று கேட்டதற்கு, "காலம் கெட்டுக் கிடக்கு மிஸ்" என்றார். அது உண்மைதான் என்பதால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும்தான் அதன் நடை தெரிந்தது. விடிய எழுந்து பொத்தானை அமத்திவிட்டுக் கேத்திலை அடுப்பில் வைப்பாள். குளித்து, திருநீறு பூசி, தேவாரம் ஒன்று பாடி, தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தால், கணினி 'வரவேற்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு நிற்கும். வரவேற்று முடிய இன்னொரு தேத்தண்ணி குடிக்கலாம். ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்தைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போடும். கச்சேரியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவளுக்கு இந்த நடை புதிதல்ல. இயந்திரமும் அரசாங்க உத்தியோகத்துக்குச் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். கடைக்காரர் மேலால் தடவிப் பார்த்தார்.

"புதுசு தானே மிஸ். பழகப் பழகச் சரி வரும்."

பழகியது அவள்தான்.

வீட்டோடு இருந்திருந்தால் இதுவும் ஒரு பாடு என்று கிடந்திருக்கும். பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு எழுதியதை மட்டும் கணினியில் செருகும் ஒரு சின்னக் குச்சியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பரமநாதனின் அலுவலகக் கணினியில் அவளுடைய தமிழ் எழுத்துரு இல்லை. பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் வெறும் சதுரங்களாக வந்து நின்றன. அங்கே அவளுக்கென்று ஒரு மேசை கூட இல்லாததால் கணினியை அலுவலகத்தில் விட்டு வரவும் வழியில்லை. ஆகவே நாள்தோறும் அது தோள்பையில் ஏறி, ஆறு நாற்பது பஸ்ஸில் அவளோடு கண்டிக்கு வந்தது.

அது பஸ்களில் பார்சல் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருஷம். நகரத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. பஸ் நின்றதும் எல்லாரும் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மணல் மூட்டைகளை ஒட்டி வரிசையாக நடந்து, பையைத் திறந்து காட்டிவிட்டு, அப்பால் போய் ஏறவேண்டும். இறங்கிய தலையையும் எண்ணுவார்கள், ஏறிய தலையையும் எண்ணுவார்கள். இரண்டும் பொருந்தாமல் பஸ் நகரக்கூடாது. இருபத்தைந்து வருஷமாக ஏதோ ஒரு சாவடியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தவள்தான் சத்தியபாமா. சேலையை எவ்வளவு தூக்கிப் பிடிக்கவேண்டும், அடையாள அட்டையை எந்தக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும். ஆனால் மடிக்கணினி கொண்டுபோனவளுக்கு ஒரு மேலதிகச் சட்டம் இருந்தது. கணினி கணினிதான் என்பதைக் காட்ட அதைப் போட்டுக் காட்டவேண்டும். திரையில் படம் வரவேண்டும்.

"போட்டுக் காட்டுங்க மிஸ்" என்று மீசை வைத்த கோப்ரல் முதல் நாள் சிங்களத்தில் சொன்னான்.

"கொஞ்ச நேரம் எடுக்கும்" என்று அவனைவிட நல்ல சிங்களத்தில் அவள் சொன்னாள்.

"எவ்வளவு?"

"பதினைந்து நிமிஷம்."

கோப்ரல் அவளையும் பார்த்தான், பஸ்ஸையும் பார்த்தான். சட்டத்தைப் போட்டது அவனில்லை. பஸ்ஸுக்குள் ஏறிக் குந்தியிருந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டினார்கள்.

"என்ன மிஸ், முட்டைய அட வச்சி குஞ்சு பொரிக்கிறீங்களா?"

"அதுக்குள்ள அடுப்பு மூட்டி ஊதிக்கொண்டு ஈக்கிறாங்க போல."

கொண்டக்டர் சிங்கள மனுஷன். தனக்குத் தெரிந்த தமிழில், "மிஸ், பின்னால பஸ் வாறது. அவன் நம்ம ஆளெல்லாம் ஏத்திப் போறது" என்று கெஞ்சினான்.

சத்தியபாமா மணல் மூட்டை மேல் கணினியை வைத்து, அதன் ஓரத்தில் விடாமல் மினுங்கிய சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலும் இல்லை மழையும் இல்லாத வெறும் காலை. வெட்கமாகக்கூட இல்லை. கால்தான் வலித்தது.

இரண்டு கிழமை இப்படிப் போயிற்று. பிறகு பரமநாதனிடம் தொழில் பழகிய பெண்ணொருத்தி வழி சொன்னாள்: நிறுத்தவே வேண்டாம், மூடியை மட்டும் சாத்தினால் நித்திரை கொள்ளும், திறந்தால் எழும்பும். செய்து பார்த்தாள். சாவடியில் மூடியைத் தூக்க, அரை நிமிஷத்தில் படம் வந்தது. கோப்ரல் தலையாட்டினான். கொண்டக்டர் அவளுக்கு முன் சீட்டில் இடம் பிடித்துத் தந்தான். அன்றிலிருந்து சத்தியபாமா கணினியை நிறுத்தவில்லை.

நிறுத்தாமல் விட்டது ஒன்று. மூடாமல் விட்டது இன்னொன்று. ஒருவருடைய வேலை முடியும்வரை அந்தப் பத்திரத்தை மேசையிலிருந்து எடுப்பதில்லை என்பது அவள் வழக்கம். கச்சேரியிலும் அவளுடைய மேசை அப்படித்தான் இருந்தது. மேலதிகாரிகள் வந்து பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போவார்கள். கணினியிலும் அதையே செய்தாள். ஒரு பத்திரம் திறந்தால் திறந்தபடி கிடக்கும். திரையின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை கட்டி, ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தெட்டு இருந்தது. அந்த வருஷத்தில் யாருடைய வேலைதான் முடிந்தது?

அரை நிமிஷம் ஒரு நிமிஷமாயிற்று. ஒன்று மூன்றாயிற்று. ஏழாயிற்று. கொண்டக்டர் முன் சீட்டு பிடித்துத் தருவதை நிறுத்தினான்.

அந்த வெள்ளிக்கிழமை மூடியைத் தூக்கியபோது திரை கறுப்பாகக் கிடந்தது. நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும். உள்ளே விசிறி இரைய ஆரம்பித்தது. அடிப்பக்கம் அப்பச்சட்டி போலச் சுட்டது. கறுத்த பெட்டி, உள்ளே ஏதோ இரைகிறது, தொட்டால் சுடுகிறது. கோப்ரல் ஒரு அடி பின்னால் போனான். பிறகு மூன்று அடி.

"கீழே வைத்துவிட்டு இங்கால வாங்க மிஸ்."

"இது என்ரை கொம்பியூட்டர்" என்று முதல் தடவையாகத் தமிழில் சொன்னாள். பதற்றத்தில் சிங்களம் எங்கேயோ போய்விட்டது.

பஸ்ஸில் இருந்தவர்களை எல்லாம் மறுபடியும் இறக்கி, ஐம்பது யார் தூரம் பின்னால் மதகுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டுக்குப் போஞ்சிக்காய் மூட்டை கொண்டுபோனவர், எல்லாரும் மதகில் நின்று நடுரோட்டில் தனியாகக் கிடந்த அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தார்கள். ஒருவரும் பகிடி விடவில்லை. அதுதான் சத்தியபாமாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நேற்றுவரை 'மிஸ்' என்று கூப்பிட்டவர்கள் இன்று அவளிலிருந்து இரண்டு கை தள்ளி நின்றார்கள்.

ஒருத்தி மட்டும் தள்ளி நிற்கவில்லை. அவள் பெயர் ஜெஸீமா. கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள்; ஆறு நாற்பதில் பெரும்பாலும் பக்கத்து சீட்டு. எதற்கும் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைத்தான் முதலில் பார்ப்பாள். கண்டிப் பக்கத்து முஸ்லிம்களின் தமிழ் அவளுடையது; 'இருக்கிற' அதில் 'ஈக்கிற' ஆகும், 'சொல்ற' 'செல்ற' ஆகும்.

"இருவத்தி நாலு நிமிஷம்" என்றாள், சத்தியபாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

இருபத்தாறாவது நிமிஷத்தில், யாரும் தொடாமலே, திரை வெளுத்தது. முப்பத்தெட்டுப் பத்திரங்களுக்கும் மேலால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. கோப்ரல் தூரத்தில் நின்றே கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"என்ன எழுதியிருக்கு?"

சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரான சத்தியபாமா கிட்டப் போய்க் குனிந்து வாசித்து, ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள். "கணினியில் மெமரி போதாதாம். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு மூடட்டாம்."

"அப்ப மூடுங்களேன் மிஸ்" என்றான் கோப்ரல். கோபத்தில் இல்லை. அவனும் இரவு முழுக்க நின்றவன்.

பஸ் நகர்ந்ததும் கொண்டக்டர் அவள் பக்கம் வந்து, யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"திங்கட்கிழம இதோட ஏற வேணாம் மிஸ். நான் சொல்றது இல்ல. முதலாளி சொல்றது. மிஸ் மட்டும் வாங்க, பிரச்சின இல்ல."

அன்று பரமநாதனிடமும் பத்திரம் பிந்தித்தான் போயிற்று. அவர் நல்ல மனுஷன். அதனாலேயே அவர் சொன்னது இன்னும் பாரமாக இருந்தது.

"அக்கா, எனக்கு உங்களிலை கோபமில்லை. ஆனா வழக்கு உங்கடை பஸ் வரும்வரைக்கும் நிக்காது. உங்களுக்கும் வயசு போகுது. இனி வீட்டிலை இருந்து ஆறுதல் எடுக்கலாந்தானே?"

வீட்டில் இருந்து என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறமுடியாவிட்டால் கணினி வராது, கணினி வராவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வத்தேகமவில் அவளுக்கு என்ன அலுவல்? ஊருக்கும் போகமுடியாது. கணக்கு அவ்வளவுதான். திங்கட்கிழமைக்குள் அந்தப் பெட்டி ஒழுங்காக எழும்பவேண்டும்.

பின்னேரம் திரும்பி வரும் பஸ்ஸில் ஜெஸீமா கேட்டாள்.

"மிஸ், இது புதுசு தானே?"

"ஓம் பிள்ளை. மூண்டு மாசம். புதுசு எண்டா ஓட வேணுமெல்லோ?"

"எங்க நானா அலவத்துகொடயில கட வச்சி ஈக்கிற, றிஸ்வி எண்டு. கொம்பியூட்டர் திருத்துற. சனிக்கிழம வாங்க. நானும் வாரன்."

"திருத்தி என்ன, புதுசைத் திருத்துறதே?"

"காட்டிப் பாப்பம். காட்டுறதுக்கு என்ன?"

சனிக்கிழமை காலை இருவரும் கண்டிக்கு வந்து, மாத்தளை ரோட்டில் போகும் பஸ் பிடித்து அலவத்துகொடைக்குப் போனார்கள். இரும்புக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. வயிறு திறந்து கிடந்த கணினிகளுக்கு நடுவில், ஜெஸீமாவின் அண்ணன், நாற்பது வயது மதிக்கத்தக்க றிஸ்வி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு இருந்தார்.

"நானா, நான் சென்ன மிஸ் இவங்க தான்."

"வாங்க மிஸ், இரிங்க." கதிரையிலிருந்த வயர்களை எடுத்துக் கீழே போட்டார்.

மூடியைத் திறந்தார். ஒரு விசையையும் தட்டவில்லை. ஓரத்தில் மினுங்கிய விளக்கையே கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்ப ஓஃப் பண்ணின?"

சத்தியபாமா மனதுக்குள் எண்ணினாள். "இருபத்து மூண்டு நாள்."

"யா அல்லாஹ்" என்றார் றிஸ்வி. பிறகு திரையின் அடியில் வரிசை கட்டி நின்றதைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை சொன்னார்.

"ஆனா தம்பி, எண்பது ஜீபி இருக்கு. பத்திலை ஒரு பங்கும் நிறையேல்லை."

"அது அலுமாரி மிஸ்."

"என்ன?"

"எண்பதெண்டு செல்றது சாமான் வைக்கிற அலுமாரி. ஒங்க அலுமாரி பெருசு தான். நான் செல்றது மேச. வேல செய்ற நேரம் தாளெல்லாம் விரிச்சி வைக்கிற மேச. அது தான் மெமரி. ஒங்களுக்கு தந்தீக்கிறது ஐநூத்திப் பன்னெண்டு எம்பி. இந்தப் புது சிஸ்டம் வந்து குந்தினாலே அந்த மேச நெறஞ்சி போற. திரையில படம் காட்ட அதுலேயே ஒரு மூல. மூணு வைரஸ் கார்ட், மூணும் மேசைல கால நீட்டிக்கொண்டு ஒன்ட ஒன்னு சந்தேகத்தோட பாத்துக்கொண்டு ஈக்கிற. மிச்சம் ஒரு உள்ளங்கை எடம். அதில நீங்க முப்பத்தெட்டு தாள விரிச்சா?"

"விரிக்க ஏலாது."

"ஏலும். அங்க தான் வில்லங்கம். ஏலாது எண்டு செல்லாம இது செய்யப் பாக்கிற. ஒரு தாள எடுக்கோணும் எண்டா இன்னொன்னத் தூக்கிக்கொண்டு போய் அலுமாரில வச்சிட்டு, இத எடுத்துக்கொண்டு வரோணும். அது வேணும் எண்டா திரும்ப இதக் கொண்டு போகோணும். அலுமாரி ஈக்கிறது அடுத்த ஊட்டுல. இந்த வெளக்கு மினுங்குது தானே? ஒவ்வொரு மினுங்கலும் ஒருக்கா போய் வார நட. வேல செய்றத விட நடக்கிறது தான் கூட."

சத்தியபாமா விளக்கைப் பார்த்தாள். மூன்று மாதமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தவள் முதல் தடவையாக அதற்காக இரங்கினாள்.

"அப்ப இதுவும் என்னை மாதிரித்தான். நாள் முழுக்க இறங்கி இறங்கி ஏறுது."

"புதுசா பழசா எண்டது இல்ல மிஸ். இது சுகமான ஆள் தான், நிக்க எடமில்லாத ஆள். ஒரு ஜீபி துண்டொன்னு போடுவம், உள்ள இன்னொரு பொந்து காலியா ஈக்குது. ரெண்டு வைரஸ் கார்டக் கழட்டுவம். ஆனா முதல்ல நீங்க இதெல்லாம் மூடோணும்."

அவள் கை எழும்பவில்லை.

"சேமிச்சு வச்சிருக்கிறியள் தானே மிஸ்?" என்று ஜெஸீமா அவளுடைய யாழ்ப்பாணத் தமிழையே பிடித்துக் கேட்டாள், சிரிக்க வைக்கலாம் என்று.

"ஓம். ஆனா முடியாத வேலையை நான் உள்ளுக்கை எடுத்து வைக்கிறேல்லை."

ஏன் என்று றிஸ்வி கேட்கவில்லை. அவர் கேட்காததால்தானோ என்னவோ, அவள் சொன்னாள். கலவரம் நடந்த எண்பத்து மூன்று ஜூலையில் கண்டி நகரத்திலேயே இருந்தாள். பதினொரு பேருடைய மூலப் பத்திரங்கள், பிறப்பு, விவாகம், காணி உறுதி, எல்லாம் கிழமைக் கடைசியில் மாற்றி எழுதலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். முடியவில்லை. மேசையில் கிடந்தால் பழுதாகிவிடும் என்று அடுக்கி, அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் சித்தி றலியா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் கழித்து வெளியே வந்தபோது அலுமாரியைப் பூட்டிய திறப்பு மட்டும் அவள் கையில் இருந்தது. வீடு இல்லை.

"மேசையிலை இருந்திருந்தா அதுகளையும் வாரிக்கொண்டு ஓடியிருப்பன். பூட்டி வச்சபடியா மறந்து போனன். ரெண்டு வருஷம் கந்தோர் கந்தோரா நடந்தன், பிரதி எடுக்க. ஒன்பது பேருக்குக் கிடைச்சுது. ரெண்டு பேருக்குக் கடைசி வரையும் இல்லை."

 றிஸ்வி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்தார்.

"இந்த அலுமாரி எரியாது எண்டு நான் செல்ல மாட்டன் மிஸ்" என்றார். "இதுவும் ஒரு நாளைக்கு போற சாமான் தான். அதனால நீங்க மூட முந்தி ரெண்டு சீடீல கொப்பி அடிச்சித் தாரன். ஒன்ன ஊட்டுல வைங்க. மத்தத ஜெஸீமாட்ட குடுங்க. பிறகு மூடுங்க."

எரியாது என்று சொல்லியிருந்தால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பியிருப்பாள். சொல்லாதபடியால் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டாள்.

சீடீ இரண்டும் அடித்து முடிந்ததும் ஒவ்வொன்றாக மூடினாள். நீர்த்தேக்கத்துக்குக் காணி போய் இருபத்து நான்கு வருஷமாக மாற்றுக் காணி கேட்டுக்கொண்டிருந்த தெல்தெனியக்காரர். பிறப்பைப் பதியாமல் விட்டதால் அடையாள அட்டை எடுக்கமுடியாதிருந்த, வத்தேகமத் தோட்டத்து அழகம்மாவின் மூன்று பிள்ளைகள். மட்டக்களப்பிலிருந்து வந்து படிப்புச் சான்றிதழைத் தேடிய ஒரு பெண். ஒவ்வொன்றையும் மூடும் முன் ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கணினியும் ஒவ்வொன்றுக்கும் நடந்துபோய் நடந்து வந்தது. இருபது மூடியதற்குப் பிறகு நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டது. முப்பதுக்குப் பிறகு ஜெஸீமாவே, "மினுங்கல் கொறயுது மிஸ்" என்றாள்.

கடைசியில் ஒன்று நின்றது. அது சத்தியபாமாவின் சொந்தக் கடிதம். பாதை மூடியிருந்ததால் கப்பலில் ஊருக்குப் போய்ச் சகோதரியைப் பார்த்து வர அனுமதி கேட்டு அரைவாசி எழுதியது. எந்தத் திகதியைப் போடுவது என்று தெரியாமல் விட்டது.

"இது கிடக்கட்டும்" என்றாள்.

"ஒன்னு தானே" என்றார் றிஸ்வி. "இப்ப நிப்பாட்டோணும், அதுக்காகவாவது மூடுங்க. வேணுமெண்டா ஒவ்வொரு நாளும் காலையில நீங்களே தெறந்து வைங்க. மேசைல இனி எடம் ஈக்கும்."

மூடினாள். இருபத்து மூன்று நாளாக இரைந்த பெட்டி ஓய்ந்தது. றிஸ்வி அதைக் கவிழ்த்து, இரண்டு ஆணியைக் கழற்றி, விரல் நீளத்துப் பச்சைத் துண்டொன்றைச் சொருகினார். உண்மையில் வேலை அவ்வளவுதான். இத்தனை நாள் அவமானத்துக்கு இவ்வளவு சின்ன மருந்தா என்று சத்தியபாமாவுக்கு ஒருவித ஏமாற்றமாகக்கூட இருந்தது. மறுபடி போட்டு, இரண்டு வைரஸ் கார்டையும் கழற்றியபோது விளக்கு கொஞ்சம் மினுங்கிவிட்டு நின்றது. நின்றேவிட்டது.

"ஒவ்வொரு நாளும் வேல முடிஞ்சா ஓஃப் பண்ணுங்க. அதுக்கும் ஆறுதல் வேணும்" என்று சொல்லி றிஸ்வி பையில் வைத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆறு நாற்பதுக்கு அவள் பையோடு படியில் கால் வைத்தபோது கொண்டக்டர் கையை நீட்டி மறித்தான்.

"மிஸ், நான் சொன்னது தானே?"

"ஒரு நாளைக்குப் பாருங்கோ. இண்டைக்கும் நிண்டால், நானே நாளைக்கு ஏற மாட்டன்."

அவன் பின்னால் திரும்பிச் சனத்தைப் பார்த்தான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும் என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஜெஸீமா, "ஏறுங்க மிஸ், சீட்டு ஈக்குது" என்று கூப்பிட்டாள். கை இறங்கியது.

சாவடியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். சத்தியபாமா நிலத்தில் கால் பட்டதுமே பையைத் திறந்து பொத்தானை அமத்தி, கணினியைக் குழந்தைப்பிள்ளையைப் போல முழங்கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நடந்தாள். முன்னால் எட்டுப் பேர். அவள் திரையைப் பார்க்கவில்லை; பார்க்கத் தைரியமில்லை. முன்னால் நின்றவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். எட்டு ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. கோப்ரல் அவளைக் கண்டதும் மீசைக்குக் கீழால் ஒரு பெருமூச்சு விட்டான். மற்றச் சிப்பாயைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் பெட்டியை அவன் பக்கம் திருப்பினாள்.

படம் வந்திருந்தது. கடையில் போட்டுத் தந்த அதே பச்சைப் புல்வெளி.

கோப்ரல் குனிந்து பார்த்தான். ஒரு விரலால் மூடியைத் தட்டினான்.

"இது வேறயா?"

"அதேதான்" என்றாள் சிங்களத்தில்.

"சரி மிஸ், போங்க."

அவள் போனாள். படியேறி, ஜெஸீமாவின் பக்கத்தில் குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.  கொண்டக்டர் அவளைத் தாண்டிப் பின்னுக்குப் போனான். பஸ் இன்னும் நகராமல் நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, பின் சீட்டுக்காரருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"பாத்தியளே பிள்ளை, ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷத்திலை எழும்பிட்டுது. இண்டைக்கு பஸ் எனக்காக நிண்டது ஒரு நிமிஷம்தான்!"

ஜெஸீமா மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஒரு நிமிஷமில்ல மிஸ், ரெண்டு நிமிஷம் அம்பது செக்கன். நான் பாத்துக்கொண்டு தான் ஈந்த. அதோட பஸ் ஒங்களுக்கு நிக்கவும் இல்ல. அங்க ஒரு மாமா ரைஸ் குக்கர் பொட்டி கொண்டு வந்து ஈக்கிற, அதக் கட்டவுத்துக் காட்டுறார். நீங்க ஏறி குந்தின பொறகும் அவருக்குத் தான் நின்டுகொண்டு ஈக்கிற."